பெருங்காய டப்பாவைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். இன்னொருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பேரெழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். அவ்வளவுதான். பரிசு கிடையாது. “அப்புறம் எதுக்கு?” என்று கேட்கிறவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். என் மனைவி அப்படித்தான் போனாள்.

எனக்கு இந்த நோய் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் மூலமாக வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப்பேரே பரவை என்பதால் பரவுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவன் சொன்ன பூர்வகதை இது. 2000ஆம் ஆண்டு வரை, பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது, பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்து பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே சிடி, கொஞ்சம் டாலர், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. பீன்ஸ் மட்டும் போச்சு. தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது இப்போதைய விதி.

முதலில் கூடுகைக்குப் போவது எப்படி என்று பார்ப்போம். டப்பா தேடிகள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடுவார்கள். இரண்டு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும், குறைந்தது அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று விதி. ஐந்நூறு பேர் வந்தால் ‘மெகா’, ஐயாயிரம் பேர் வந்தால் ‘கிகா’ என்று பட்டம். முதல் கிகா 2014இல் ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்ததை மருமகன் கண்கள் விரியச் சொன்னான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகையில் நின்று பார்த்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது கொஞ்சம் பணிவாகச் சொல்வது நல்லது.

வாசலில் ஒரு நோட்டு இருக்கும். மொய் நோட்டு என்று நினைத்துப் பையைத் தடவாதீர்கள், பேர் மட்டும் எழுதினால் போதும். அதுவும் சொந்தப் பேர் அல்ல, பட்டப்பேர். இந்த ஒரு விஷயத்தில் மதுரைக்காரருக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. நமக்கெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே வைத்துவிட்டார்கள். பேச்சில் அடிபடும் சுருக்கெழுத்துகளுக்கு மட்டும் தயாராகப் போங்கள். முதல் ஆளாகக் கண்டுபிடித்தால் எஃப்டிஎஃப், தேடியும் கிடைக்காவிட்டால் டிஎன்எஃப். விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாத பொதுஜனத்துக்கு ‘மகிள்’ என்று பேர், ஹாரி பாட்டரிலிருந்து எடுத்தது. டப்பா எடுக்கும்போது மகிள் பார்த்துவிடக் கூடாது. இதுதான் விளையாட்டின் தலையாய தர்மம்.

இந்தத் தர்மத்தை எழுதியவர் பரவைக்கு வந்ததில்லை.

திண்டுக்கல் ரோட்டில், காய்கறி மார்க்கெட்டுப் பக்கம், ஒரு மைல்கல்லுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். நான் குனிந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டீக்கடையிலிருந்து குரல்: “என்னாண்ணே, சாவி விழுந்துருச்சா?” ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அது தப்பு. வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். “வண்டிச் சாவியா, வீட்டுச் சாவியாண்ணே?” வண்டிச் சாவி என்றேன். பஸ்ஸுக்கு நின்ற அம்மா ஒருத்தர், “வண்டியிலதானப்பா சாவி தொங்குது” என்றார். அதற்குப் பிறகு அங்கே என்னைப் பார்த்த பார்வையே வேறு. “வீட்ல யாருக்காச்சும் போன் போடுவமா?” என்று ஒருவர் மிகவும் அன்பாகக் கேட்டார்.

ஆகவே சாவி என்று சொல்லாதீர்கள். மோதிரம் என்றும் சொல்லாதீர்கள், கூட்டம் இரட்டிப்பாகும். நிலம் அளக்கிறோம் என்று மருமகன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். “ரோடு அகலப்படுத்துறாய்ங்களா? எங்க கடை போயிருமா தம்பி?” என்று ஒரு பெரியவர் பட்டாவோடு வந்துவிட்டார். உண்மையைச் சொல்வதே உத்தமம். சொன்னால் ஒரே கேள்விதான் வரும்: “எடுத்துக் குடுத்தா எம்புட்டுத் தருவாய்ங்க?”

அடுத்தது புதிர் டப்பா. வரைபடத்தில் நீலக் கேள்விக்குறி போட்டிருக்கும். அந்த இடத்தில் டப்பா இருக்காது, புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். அது கேள்விக்குறியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் என்பது மட்டும் உத்தரவாதம். கேள்விக்குறி பரவையில் என்றால் டப்பா விளாங்குடிப் பக்கமும் இருக்கலாம், சமயநல்லூர்ப் பக்கமும் இருக்கலாம். இடத்தை டிகிரி, நிமிடம், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று தப்பினால் ஓர் ஆள் உயரம் தள்ளிப் போவீர்கள். டிகிரியில் ஒன்று தப்பினால் வேறு ஜில்லா.

புதிர் என்றதும் மருமகன் சங்கேத எழுத்து, பிரைல், பகா எண் என்று ஆரம்பித்தான். குறிப்புகளைக்கூட ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதி மறைத்துவைப்பார்களாம். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து முன்னால் ‘க’ சேர்த்துப் பேசி அண்ணன் தம்பிகளை முழிக்கவைத்ததை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். புதிர் போட்டு ஆளை அலையவிடுவது என்ன புதுசா? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற பாண்டியனின் ஐயத்துக்கு ஆயிரம் பொன் கிழியாகத் தொங்கியது இதே மதுரையில்தான் என்கிறது திருவிளையாடல் புராணம். தருமி வேறொருவரிடம் விடை வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். கூடுகைகளில் இன்றும் அது கேவலமாகத்தான் பார்க்கப்படுகிறது. விடையைத் தந்தவர் சிவபெருமான் என்றாலும் நக்கீரர்கள் விடமாட்டார்கள்.

ஒரு புதிர் சீக்கிரம் விடுபடவில்லை என்றால் மாங்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் மீனாட்சிபுரத்து மலைக் குகைகளில் வெட்டியிருந்த எழுத்துகளை ராபர்ட் சீவல் 1882இல் கண்டார். அது தமிழ்தான் என்று கே. வி. சுப்ரமணிய ஐயர் 1924இல் சொன்னார். உள்ளே நெடுஞ்செழியன் பேர் இருக்கிறது என்று ஐராவதம் மகாதேவன் வாசித்துக் காட்டியது 1965இல். எண்பத்து மூன்று வருஷம், மூன்று பேர், ஒரு புதிர். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிட்டு டிஎன்எஃப் போடுகிறீர்கள்.

சொந்தமாகப் புதிர் போட விரும்புகிறவர்களுக்கு மதுரையில் சரக்குக்குப் பஞ்சமில்லை. கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே வீதிகளைச் சொல்லுங்கள்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. மாதக் கணக்குப்படி நான்கு, ஒன்று, ஐந்து, பதினொன்று வந்துவிடும். கடைசியில் வெளி வீதியில் மருமகன் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டான். அப்படி ஒரு மாதமே இல்லையே! டீக்கடை மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வெளின்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் தம்பி. சைபர் போடு.” இன்னும் கடினமாக வேண்டுமென்றால் எண்களை ௪, ௫ என்று எழுதிவிடுங்கள். சொந்த ஊர்க்காரர்களே வடிகட்டப்பட்டுவிடுவார்கள். அரைக்கால், மாகாணி, முந்திரி வரை இறங்கினால் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. குழூஉக்குறியும் கைவசம் இருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்காவது உதவட்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதை எப்படிப் புதிராக்குவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் கொடிய புதிர் மதுரைக்காரர் சாதாரணமாக வழி சொல்வதுதான். தங்கம் தியேட்டருக்கு நேரே வந்து, சிந்தாமணி தியேட்டர்கிட்டத் திரும்பி, அங்கிட்டு ஒரு புளியமரம் நின்னுச்சு பாருங்க, அதுக்கு எதுத்தாப்ல என்பார். இரண்டு தியேட்டரும் இப்போது தியேட்டர் இல்லை. புளியமரமும் வெட்டியாச்சு. செயற்கைக்கோள் தோற்கும் இடம் இது.

ஒளித்துவைக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியவை: பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கமே போகாதீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த விளையாட்டே அதைத் தொடுவதுதான். இங்கிலாந்தின் வெதர்பியில் 2011இல் ஒரு டப்பாவைக் குண்டு என்று நினைத்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்துவிட்டார்கள். டப்பாவைக் கல் மாதிரி வண்ணம் பூசி மரத்தடியில் வைக்கும் நுட்பம் வெளிநாட்டில் பிரபலம். இங்கே அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு மஞ்சள் குங்குமம் வந்துவிடும், அப்புறம் உங்களாலேயே எடுக்க முடியாது. இடத்துக்கு உரியவரிடம் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும் என்பதும் விதி.

நாங்கள் கேட்கவில்லை. ஒத்திகைக்கு என்று வீட்டோடு விளையாட, காலிப் பெருங்காய டப்பா ஒன்றை மூன்று தடவை கழுவிக் காயவைத்து, உள்ளே சின்ன நோட்டும் பென்சிலும் போட்டு, அந்த டீக்கடைக்குப் பின்னால் பட்டுப்போன மரத்துப் பொந்தில் வைத்தோம். கழுவியும் வாசனை போகவில்லை. ஜிபிஎஸ் ஐந்து மீட்டருக்குள் கொண்டுவந்து விடும், மிச்ச தூரத்துக்கு மூக்கு போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் பொந்து காலி. மருமகன் முறைப்படி டிஎன்எஃப் என்று குறித்துக்கொண்டான். சோகத்துக்கு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மூக்கு வேலை செய்தது. பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் டப்பா.

“யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாய்ங்கண்ணே. கேட்டு வந்தா குடுப்போம்னு எடுத்து வச்சேன்” என்றார் மாஸ்டர். நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் மருமகன் எழுதிய விதிமுறை அப்படியே இருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து பேர்கள். லோடுமேன் குமாரு 2 டீ 1 வடை. வாழைமண்டி 4 டீ. கண்டக்டர் பாக்கி 18. மூன்றாம் பக்கத்தில், ‘சாவி தொலைச்ச அண்ணன் 6 டீ’ என்று இருந்தது.

மருமகன் எட்டிப் பார்த்தான்.

“நோட்ல பேர் இருந்தா கண்டுபிடிச்சதாத்தான் கணக்கு மாமா” என்றான்.