யாரு பெத்த பிள்ளை நீ?

1996க்கு முந்தைய கணினியின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? மவுசுக்கு ஒரு வட்ட ஓட்டை, கீபோர்டுக்கு அச்சாக அதே போல இன்னொன்று. மாற்றிச் செருகினால் இரண்டும் மௌன விரதம். மோடத்துக்கு 9 ஊசி, பிரின்டருக்கு 25.

உள்ளே இன்னும் மோசம். முதல் காம் போர்ட்டும் மூன்றாம் காம் போர்ட்டும் நாலாம் நம்பர் ஐஆர்க்யூ என்கிற ஒரே அழைப்புமணிக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகள். மவுசை நகர்த்தினால் மோடம் மூச்சை விடும். விண்டோஸ் 95 வந்து 'பிளக் அண்ட் பிளே' என்று தண்டோரா போட்டது. ஜனங்கள் அதை 'பிளக் அண்ட் பிரே' என்று திருத்திக்கொண்டார்கள்: செருகு, சாமியைக் கும்பிடு.

பொறுத்துப் பார்த்து ஏழு கம்பெனிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல். இன்டெல் பக்கம் பரோடாவில் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் யுஎஸ்பி பிறந்தது. அதன் ஞானம் இவ்வளவுதான்: வந்தவன் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? அவனையே கேட்டுவிடலாமே!

செருகியதும் புது ஆள் பேசமாட்டான். ஒன்றரை கிலோ ஓம் ரெசிஸ்டரால் ஒரு கம்பியை மேலே இழுத்துப் பிடிப்பான், வகுப்பில் கை தூக்குகிற பையன் மாதிரி. டி பிளஸ் கம்பியை இழுத்தால் விநாடிக்கு 12 மெகாபிட் ஓடுகிறவன். டி மைனஸ் என்றால் ஒன்றரை மெகாபிட். கீபோர்டு, மவுஸ் போன்ற நிதானஸ்தன். ஹோஸ்ட், அதாவது கணினி, ஒரு ரீசெட் கொடுத்துத் தலையில் தட்டும். அப்போது எல்லோருக்கும் பெயர் பூஜ்யம்தான். பிறகு 1 முதல் 127க்குள் ஒரு எண்ணைச் சூட்டிவிட்டு விசாரணை தொடங்கும்.

"யாரு பெத்த பிள்ளை நீ?"

18 பைட்டில் பதில்: கம்பெனி எண், பொருளின் எண், யுஎஸ்பியில் எந்தப் பதிப்பு.

"தொழில்?"

பெரும்பாலும் '0' என்று வரும். 'உள்ளே இருக்கும் இன்டர்ஃபேஸ்களைக் கேளுங்கள்' என்று அர்த்தம்.

"சரி, உன் கதையைச் சொல்லு."

இங்கே ஹோஸ்ட் காட்டும் விவேகத்தை நம் மேடைகள் கற்க வேண்டும். முதல் 9 பைட்டை மட்டும் வாங்கி, கதை மொத்தம் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்ட பிறகே முழுசாகக் கேட்கும். அந்த ஒன்பதிலேயே சாப்பாட்டுக் கணக்கும் வந்துவிடும். '50' என்றால் 100 மில்லி ஆம்பியர். கேட்டால் பாதி வயிற்றைச் சொல்வதுதானே விருந்தாளிக்கு அழகு!

பின்னாலேயே இன்டர்ஃபேஸ்கள், தலைக்கு 9 பைட். 3 என்றால் கீபோர்டு, மவுஸ் வம்சம். 7 பிரின்டர். 8 சேமிப்புக் கிடங்கு. மைக் வைத்த வெப்கேம் 14 என்றும் சொல்லும், 1 என்றும் சொல்லும். படமும் அவனே, பாட்டும் அவனே. 255 என்றால் 'அது எங்கள் குடும்ப ரகசியம், சிடியைப் போடு'. ஒவ்வொன்றுக்கும் கீழே போக்குக்கும் வரத்துக்குமான வாசல்கள், வாசலுக்கு 7 பைட்.

இவ்வளவு நாகரிகம் இருந்தும் அரங்கேற்றத்தில் மானம் போனது. 1998 ஏப்ரல், சிகாகோவில் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சி. பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98இல் ஒரு ஸ்கேனரைச் செருகினார். திரை முழுக்க நீலம், விண்டோஸ் மயங்கி விழுந்துவிட்டது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். கபோசெலாவுக்கு வேலை போகவில்லை. பிற்பாடு மைக்ரோசாஃப்டின் மார்க்கெட்டிங் தலைவரே ஆனார். அதே ஆகஸ்டில் ஆப்பிளின் ஐமேக் பழைய போர்ட்டுகளைத் தலைமுழுகிவிட்டு யுஎஸ்பியை வீட்டோடு மாப்பிள்ளையாக்கியது.

2014. லாஸ் வேகாஸில் பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாடு. கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு பென் டிரைவின் ஃபர்ம்வேரைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். "தொழில்?" என்றது ஹோஸ்ட். 8 என்று சொல்ல வேண்டியவன் வாய் கூசாமல் 3 என்றான். "ஓ, கீபோர்டா! உட்காருங்கள், என்ன வேண்டுமோ அடியுங்கள்" என்று ஹோஸ்ட் வழிவிட்டது. அவனும் அடித்தான், கணினிக்கே வேட்டு வைக்கும் கட்டளைகளை.

யாரு பெத்த பிள்ளை என்று வாய் ஓயாமல் விசாரித்த ஹோஸ்டுக்கு, சொல்வது நிஜமா என்று கேட்க ஒரு தரமும் தோன்றவில்லை. 18 பைட் பதிலை நம்பி 18 வருஷம். பைட்டுக்கு ஒரு வருஷம்.