96 ஆடும் ஒரு ஃபைபர் மாடும்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டருக்கும் தண்ணீர் பாட்டில், பாக்குமட்டைத் தட்டு, ஜோடி தொலைத்த செருப்பு. அக்னி லிங்கத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. சர்க்கரை இல்லாமல் கேட்டேன், சர்க்கரையோடு வந்தது. திருப்பிக் கொடுக்க மனமில்லை. பக்கத்து பெஞ்சில் பேச்சு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஒருவர் வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மடித்த எஸ்டிமேட், காண்ட்ராக்டர். இன்னொருவர் கோயில் கோயிலாகச் சுதை வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். சுண்ணாம்பு அரித்து அவருடைய விரல் நுனிகளில் ரேகையே இல்லை. பேச்சு காதில் விழுந்தது என்று சொன்னால் பொய். காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

காண்ட்ராக்டர்: பெரியவரே, அவசரமா ஒரு மாடு வேணும்.

பெரியவர்: கறவையா, உழவா?

காண்ட்ராக்டர்: ரவுண்டானா மாடு. 12 அடி நந்தி, ஃபைபர்ல. அச்சு மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க, மிச்சத்தை நம்ம பசங்க ஊத்திருவாங்க.

பெரியவர்: எந்த ஊருக்குப்பா?

காண்ட்ராக்டர்: டெண்டர் திறந்தப்புறம் சொல்றேன். இங்கேருந்து பஸ்ல ரெண்டு மணி நேரம். திருவண்ணாமலை மாதிரி ஆகணும்னு அவங்களுக்கு ஒரு ஆசை. நீங்க 2024-ல மாநகராட்சியே ஆயிட்டீங்க, அவங்களுக்கு வயித்தெரிச்சல். மலையைக் கொண்டுபோக முடியாது. அதான் மாடு.

பெரியவர்: அந்த ஊர்ல அழகா ஒரு ஏரி இருக்குமே?

காண்ட்ராக்டர்: ஏரிக்குத் திறப்பு விழா வைக்க முடியாதே.

பெரியவர்: சரி. மாடு எந்தப் பக்கம் பாத்து உக்காரும்? இந்தப் பாதையில இருக்குற நந்தியெல்லாம் மலையைப் பாத்து உக்காந்திருக்கு.

காண்ட்ராக்டர்: பஸ் ஸ்டாண்டைப் பாத்து. செல்ஃபி எடுக்குறவன் அங்கேருந்துதான் வருவான்.

பெரியவர்: யாரு முடிவு பண்ணினது?

காண்ட்ராக்டர்: எல்லாம் முறைப்படி. மூணு கொட்டேஷன். ஒண்ணு என் பேர்ல, ஒண்ணு வீட்டுக்காரம்மா பேர்ல, ஒண்ணு மச்சான் பேர்ல. கடும் போட்டி. யாரு குறைஞ்ச ரேட்டுல எல்-1 வரப்போறாங்கன்னு எனக்கே தூக்கம் இல்ல.

பெரியவர்: மாடு லட்சணமா இருக்கான்னு பாக்க ஒரு சிற்பி, ஒரு ஓவியர், யாரும் கிடையாதா? மாமல்லபுரத்துல இதுக்குன்னு அரசாங்கமே ஒரு கல்லூரி வச்சிருக்கு.

காண்ட்ராக்டர்: கமிட்டியில இன்ஜினியர் இருக்காரு, அக்கவுண்ட்ஸ் இருக்காரு, சுகாதாரம்கூட இருக்காரு. சிற்பியைக் கூப்பிட்டா 'நல்லா இல்லை'ன்னு சொல்லிருவாரு. ஃபைல்ல அப்படி ஒரு வார்த்தை ஏறினா ஆடிட்ல யாரு பதில் சொல்றது?

பெரியவர்: அப்ப நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சுச் சொல்வீங்க?

காண்ட்ராக்டர்: எம்-புக்கை, அதான் அளவுப் புத்தகத்தை வச்சு. நீளம், அகலம், உயரம். அழகுக்கு ஐட்டம் நம்பரும் இல்ல, ரேட்டும் இல்ல பெரியவரே. போன வருஷம் ஒரு பாலத்தடியில சுவர் ஓவியம் எடுத்தேன். சதுர மீட்டர் கணக்கு. பரதநாட்டியம் ஆடுற பொண்ணோட கண்ணுக்கும் அவ பின்னாடி இருக்குற வானத்துக்கும் ஒரே ரேட்டு. கண்ணுக்கு ஒருத்தன் ரெண்டு நாள் எடுத்துக்குறான். அதனால வானத்தைப் பெருசாப் போட்டேன்.

(மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பாலத்தடியிலோ, அதைப் போன்ற இன்னொன்றிலோ நானும் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். வானம் நன்றாகத்தான் இருந்தது.)

பெரியவர்: நடு ரோட்ல சிலை வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்களாமே?

காண்ட்ராக்டர்: 2013 ஜனவரி 18. சுப்ரீம் கோர்ட். தேதியே எனக்கு மனப்பாடம். பொது ரோட்டுல, நடைபாதையில இனிமே சிலை வைக்க அனுமதி தரக் கூடாது. ஆனா அதுலயே விலக்கும் இருக்கு. ஹைமாஸ்ட், தெருவிளக்கு, டிராஃபிக், சாலையை அழகுபடுத்துறது, இதெல்லாம் பண்ணலாம்.

பெரியவர்: உன் மாடு அழகுபடுத்துறதுல வருது.

காண்ட்ராக்டர்: அய்யோ, அப்படிப் போட்டா அழகா இருக்கான்னு ஒருத்தன் கேப்பான். ரெண்டு கொம்புலயும் எல்இடி வச்சுட்டேன். ஃபைல்ல அது தெருவிளக்கு.

பெரியவர்: விவரம்தான்.

காண்ட்ராக்டர்: பட்டு வந்த விவரம். உங்க ஊர்லயே கலைஞர் சிலை விவகாரம் ஐகோர்ட் வரைக்கும் போச்சே. கிரிவலப் பாதைப் பக்கம் ஆக்கிரமிப்புன்னு ஒருத்தரு, டிரஸ்ட்டோட பட்டா நிலம்னு இன்னொரு தரப்பு. கடைசியில 2022 ஜூலை 8-ல முதலமைச்சர் வந்து திறந்தாரு. வழக்கு முழுக்க நிலத்தைப் பத்தி. சிலையைப் பத்தி வழக்கு போட்டவன் இந்த நாட்டுல யாரு? கண்ணகியையே எடுத்துக்கங்க. 1968-ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல வச்சாங்க. 2001 டிசம்பர்ல எடுத்தாங்க. 2006-ல திரும்ப வச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ஆட்சி மாறிச்சு, கண்ணகி மூஞ்சி மாறல. அதனால நான் பீடத்துல போல்ட்டு நட்டுதான் போடுறேன். கழட்ட வசதியா இருக்கணும்.

பெரியவர்: பணம் எங்கேருந்து வருது?

காண்ட்ராக்டர்: பொது நிதி. மழைநீர் வடிகால்ல மிச்சம்.

பெரியவர்: வடிகால்ல மிச்சமா? அங்க தண்ணி நிக்குதுன்னு பேப்பர்ல போட்டானே.

காண்ட்ராக்டர்: அதான் மிச்சம். மச்சான் பையன் அமெரிக்காவுல இருக்கான். பிலடெல்பியான்னு ஒரு ஊராம். 1959-லயே விதி போட்டுட்டாங்களாம், கட்டடம் கட்டுற செலவுல 1 பர்சென்ட் கலைக்கு ஒதுக்கணும்னு. அதைப் பாத்துப் பல ஊரு பின்னாடி போச்சாம். எனக்கு சிரிப்பு அடங்கல. ஒரு பர்சென்ட்டை வச்சுக்கிட்டு ஒரு கையெழுத்து வாங்க முடியுமா?

பெரியவர்: அது கமிஷன் இல்லப்பா.

காண்ட்ராக்டர்: அப்படித்தான் அவனும் சொன்னான். எனக்குப் புரியல.

டீக்கடைக்காரர் இன்னும் இரண்டு டீயை வைத்துவிட்டுப் போனார். பெரியவர் கண்ணாடி டம்ளரை ஆற விடாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டினார்.

பெரியவர்: மாட்டுல என் பேரு வருமா?

காண்ட்ராக்டர்: அதை மட்டும் கேக்காதீங்க. டெல்லியில அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி. விஞ்ஞான் பவன் சுவர்ல பெரிய வெண்கலச் சிற்பம் பண்ணாரு. 1979-ல புதுப்பிக்கிறோம்னு சொல்லிப் பேத்து எடுத்து கிடங்குல போட்டுட்டாங்க. மனுஷன் கோர்ட்டுக்குப் போனாரு. 2005-ல தீர்ப்பு. வித்துட்டாலும் படைப்பு மேல செஞ்சவனுக்கு ஒரு உரிமை இருக்கு, அதைச் சிதைக்கக் கூடாது, 5 லட்சம் குடு, சிற்பத்தையும் அவர்கிட்டயே திருப்பிக் குடுன்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், செஞ்சவன் பேரைப் போடவே கூடாது. பேரு இருந்தாத்தானே கேஸ்?

பெரியவர்: யாரு பேரும் இல்லாமலா நிக்கப் போகுது?

காண்ட்ராக்டர்: ஏன் இல்ல? கல்வெட்டு ரெடி. கருப்பு கிரானைட், தங்க எழுத்து. 14 பேரு பேரு. தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை எல்லாம் இருக்கு. மாடுதான் பாக்கி.

பெரியவர்: மூணு வெயில் அடிச்சா ஃபைபர் வெடிக்கும். பெயிண்ட் உரியும். பையனுங்க ஏறி காதை உடைப்பானுங்க. அதை யாரு பாப்பான்னு கல்வெட்டுல இருக்கா?

காண்ட்ராக்டர்: உத்தரவாதம் ஒரு வருஷம் இருக்கு. அந்த ஒரு வருஷமும் மாடு நிக்கும், அதுக்கு நான் பொறுப்பு. அப்புறம் வேற மாடு, வேற டெண்டர். கல்வெட்டுல இதையெல்லாம் எவன் பெரியவரே எழுதுவான்?

பெரியவர்: எழுதியிருக்கான். நீ சொல்றதும் கல்வெட்டு, கோயில் சுவத்துல இருக்குறதும் கல்வெட்டுதான். சோழர் காலத்துல ஒருத்தன் அணையாம எரியுற ஒரு நந்தா விளக்கு வைக்கிறான்னு வச்சுக்க. விளக்கை மட்டும் குடுத்துட்டுப் போக மாட்டான். 96 ஆடு குடுப்பான். சில ஊர்ல 90. அந்த ஆட்டை ஒரு இடையர் வாங்கிக்கிட்டு, தினம் ஒரு உழக்கு நெய்னு கோயிலுக்கு அளக்கணும். பாலு, குட்டி எல்லாம் அவருக்கு. ஒரு ஆடு செத்தா ஒரு குட்டியை அந்த எடத்துல சேத்துக்கணும். எண்ணி நிறுத்தினா எப்பவும் 96 இருக்கணும். அதுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு.

காண்ட்ராக்டர்: சாகாத ஆடா?

பெரியவர்: சாகாது, கிழடும் ஆகாது. சூரியன் சந்திரன் இருக்குற வரைக்கும்னு எழுதி, சிவனடியாருங்க, அதான் மாகேசுவரர் காவல்னு முடிச்சிருப்பான். விளக்கு குடுத்தவன் ஒரு வரி, ஆட்டுக்கணக்கு நாலு வரி. உன் கிரானைட்டுல எத்தனை ஆடு இருக்கு?

காண்ட்ராக்டர் பதில் சொல்லவில்லை. பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவினார். அந்த நேரத்தில்தான் அவருக்கு ஆயுதம் கிடைத்திருக்க வேண்டும்.

காண்ட்ராக்டர்: பழசைப் பேசுறீங்க. இப்ப இருக்குற கோயிலைப் பேசுவோமா? ஒரு டியூப் லைட்டு உபயம் பண்றான். பட்டை முழுக்க அவன் பேரு, ஊரு, கடை. வெளிச்சம் வர்றதுக்கே எடம் இல்ல. அந்த டியூப் லைட்டுக்கு எத்தனை ஆடு குடுத்தான்? கும்பாபிஷேகம்னு சொல்லி எத்தனை ஊர்ல கல்லு மேல மணலைப் பீச்சி அடிச்சாங்க? அது என் மாடா பண்ணுச்சு?

பெரியவர்: (வெகுநேரம் கழித்து) அதை நான் பாத்தேன். பேரு வேணாம், ஒரு ஊர்ல நான் மேல சாரத்துல நிக்கிறேன், கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் விட்டு நாள் கணக்கா இடிச்ச சுண்ணாம்பு கையில. கீழே மெஷினை வச்சு அடிக்கிறான். கல்லு புதுசு மாதிரி பளிச்சுன்னு ஆயிருச்சு. எல்லாரும் கை தட்டுறாங்க. சாயங்காலம் இறங்கி வந்து சுவத்தைத் தடவிப் பாக்குறேன். காலையில விரல் நுழையுற மாதிரி 'ஸ்வஸ்திஸ்ரீ'ன்னு இருந்த எடம் சொரசொரன்னு அப்பளம் மாதிரி இருக்கு. எத்தனை ஆடு அதோட செத்துச்சோ.

காண்ட்ராக்டர்: அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு ஒத்துக்கங்க.

பெரியவர்: கொஞ்சம் ஒத்துக்குறேன். ஆனா இங்க பாரு. கெழக்கால நிக்குதே ராஜகோபுரம், 217 அடி. ஆரம்பிச்சது கிருஷ்ணதேவராயர், முடிச்சது தஞ்சாவூரு செவ்வப்ப நாயக்கர்.

காண்ட்ராக்டர்: முந்தின ஆட்சித் திட்டத்தை அடுத்தவர் முடிச்சாரா? பாதியில நிறுத்தி விசாரணைக் கமிஷன் போடலையா?

பெரியவர்: வல்லாள மகாராஜா ஒரு கோபுரம் கட்டினாரு. பிள்ளை இல்ல. அண்ணாமலையாரே பிள்ளையா வந்தாருன்னு இந்த ஊரு நம்புது. இன்னிக்கும் மாசி மகத்துக்கு சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி குடுக்குறாரு. ஆளு போயி அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

காண்ட்ராக்டர்: ஃபண்டு குடுத்தவருக்கு சாமியே திதியா? எங்க ஆளுங்க பதவி போனா கல்வெட்டு மேல போஸ்டர் ஒட்டிருவான்.

பெரியவர்: மலை மேல ஏத்துற கார்த்திகை தீபக் கொப்பரையை எடுத்துக்க. 3,500 கிலோவுக்குக் குறையாம நெய், 1,000 மீட்டருக்குக் குறையாம காடாத் துணி, 2,668 அடி மேல போகணும். யாரு தூக்குறது, யாரு ஏத்துறதுன்னு கேள்வியே இல்ல, பர்வதராஜ குலத்தார். 11 நாள் எரியும். அப்புறம் கொப்பரை கீழே வரும், மையை எடுத்து ஆருத்ரா தரிசனத்துக்கு சாமிக்கு வச்சுட்டு ஜனங்களுக்குக் குடுப்பாங்க. நெத்தியில இட்டுக்கிட்டுப் போவாங்க.

காண்ட்ராக்டர்: மிச்சக் கரிக்குக்கூட டிமாண்டு! (பெருமூச்சு விடுகிறார்.) ஆனா 11 நாள்ல அணைஞ்சுருதே.

பெரியவர்: அணையும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அடுத்த வருஷ நெய்யை யாரும் மறக்கல. உன் மாடு நிரந்தரம்னு நீ எழுதிட்ட. அதனால அதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டான். குமரியில வள்ளுவர் 133 அடி, 2000-ல நின்னவரு, கருங்கல்லு. அவரையே சும்மா விட முடியல. சில வருஷத்துக்கு ஒரு தடவை சாரம் கட்டி, காகிதக் கூழைப் பூசி, கடல் உப்பை உறிஞ்சி எடுக்குறாங்க. கல்லுக்கே அந்தப் பாடுன்னா ஃபைபருக்கு?

காண்ட்ராக்டர் எஸ்டிமேட்டை வெளியே எடுத்தார். காதிலிருந்து பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஆடு ஒன்று 8,000 ரூபாய் என்று வாய்விட்டே முணுமுணுத்தார். பெருக்கினார். 7,68,000 வந்தது. இன்னொரு தடவை பெருக்கினார்.

காண்ட்ராக்டர்: மாட்டை விட ஆடு பெரிய ஐட்டமா இருக்கே பெரியவரே! பராமரிப்புன்னு தலைப்புல போட்டா எவன் ஆட்சேபணை சொல்லுவான்? கல்வெட்டு ஆதாரம் வேற இருக்கு.

பெரியவர்: (முகம் மலர்ந்து) அப்படி வா வழிக்கு. ரெண்டு குடும்பத்தைப் பாத்து ஒப்படைச்சுட்டா, அவங்களே மாட்டைத் தொடைச்சு...

காண்ட்ராக்டர்: இருங்க, ஒரு போன்.

அவர் எழுந்து ரோட்டோரம் போனார். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார். பேருந்து இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"மச்சான், கொட்டேஷன் இன்னொண்ணு ரெடி பண்ணு... ஆடு... ஆமா, தொண்ணூத்தாறு... லூசு, நிஜ ஆடு எதுக்கு? தீனி வைக்கணும், செத்துரும். ஃபைபர்ல கேளு... ஆமாடா, சாகவே கூடாது. கல்வெட்டுலயே அப்படித்தான் இருக்காம்."