எல்லோருக்கும் நல்லபிள்ளை

ஆஃப் ஒயிட்டே, உன்னைப் போல் சாதுவான நிறத்தை நான் கண்டதில்லை. வெள்ளையில் ஒரு துளி மஞ்சளும் அதைவிடக் கொஞ்சமாய்க் கறுப்பும் விழுந்தால் பிறந்துவிடுகிறாய். எந்த சோபாவோடும் உனக்குச் சண்டையில்லை, எந்தத் திரைச்சீலையோடும் வம்பில்லை. வாடகைக்கு வருபவர் முகம் சுளிக்கமாட்டார், விலைபேச வருபவர் குறை சொல்லமாட்டார். நாளை வரப்போகிறவர்கள் அத்தனை பேருக்கும் இன்றே இடம் ஒதுக்கி வைக்கிறாய். இன்று குடியிருப்பவர்தான் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

உன் புகழ் வானம்வரை போயிருக்கிறது. 2002-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளேஸ்புரூக், இவான் பால்ட்ரி என்ற இரு வானியலாளர்கள் 2,00,000 விண்மீன் மண்டலங்களின் ஒளியைக் கூட்டிச் சராசரி நிறம் பார்த்தார்கள். முதலில் வெளிர்பச்சை என்றார்கள். கணக்கில் இருந்த பிழையைத் திருத்தியதும் நீ வந்து நின்றாய். 'காஸ்மிக் லாட்டே' என்று உனக்குப் பெயரும் கிடைத்தது. இளம் விண்மீனின் நீலமும் கிழ விண்மீனின் சிவப்பும் தத்தம் அடையாளத்தை விட்டுக் கரைந்தால் மிஞ்சுவது நீ. பிரபஞ்சத்தையே அடக்கிய உனக்கு எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு கூடம் எம்மாத்திரம்!

உனக்கு முன்னால் அந்தச் சுவரில் இருந்தது சுண்ணாம்பு. அதற்கு உன் நாகரிகம் கிடையாது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் கவனிக்கச் சொல்லும். பானையில் நீர் ஊற்றினால் கொதித்துச் சீறும். அதில் நீலம் கரைத்து, நார்மட்டையால் அடித்து, கீழே காவிப்பட்டை இழுத்து முடிப்பதற்குள் வீட்டுச் சாமான் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும். பரணில் தொலைந்ததெல்லாம் அன்றைக்குத்தான் கிடைக்கும். அந்தத் தொல்லையிலிருந்து எங்களை விடுவித்தாய். இப்போது எதையும் நகர்த்துவதில்லை, எதுவும் கிடைப்பதுமில்லை.

இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே அனுப்பிவிடும். நீயோ மெல்லிய பிளாஸ்டிக் தோலாய்ப் படிந்து, கசிவை ஊருக்குக் காட்டாமல் மூடுகிறாய். ஐப்பசி அடைமழையிலும் வாய் திறக்கமாட்டாய். கொப்புளம் வெடித்துத் தோல் உரிகிற நாள்வரை வீட்டின் மானம் உன்னிடம் பத்திரம்.

எங்கள் திண்ணைச் சுவரில் ஓரிடம் கறுத்துப் பளபளத்துக் கிடந்தது. நல்லெண்ணெய்த் தலையோடு தாத்தா நாற்பது வருஷம் சாய்ந்த இடம். அப்பாவும் அங்கேதான் சாய்வார். அது அழுக்கு என்று எங்களுக்கு உணர்த்தியவன் நீ. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, உன்னை இரண்டு கை அடித்தோம். கூடம் எது, திண்ணை எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒன்றாகத் துலங்கின.

ஆறாம் மாதம் எண்ணெய் ஊறி மேலே வந்தது, அதே உயரத்தில், ஒரு தலையளவுக்கு.

பெயிண்டர் வந்து பார்த்தார். எண்ணெய்க்கறைக்கென்று தனி பிரைமர் இருக்கிறதாம், ஒரு கோட் போட்டால் ஜென்மத்துக்கும் தெரியாதாம். அப்பா அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.