உதட்டை அறுக்காத கரண்டி

ஒரகடம் சிப்காட்டில் செய்ய முடியாத பொருள் என்று எதுவும் கிடையாது. பாரத்பென்ஸ் லாரி, நிஸான் கார், ராயல் என்ஃபீல்ட் பைக் என்று சக்கரம் வைத்ததெல்லாம் இங்கிருந்து கப்பலேறுகிறது. கேண்டீன் கரண்டியைத் தவிர மற்றதெல்லாம் உலகத் தரம்.

நான் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு டூல் ரூமில் பிரஸ் டூல் செய்கிறவன். தகட்டைப் பிரஸ்ஸில் வெட்டினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதற்குப் ‘பர்’ என்று பெயர். காருக்குப் போகிற பாகத்தில் மயிரிழை பர் இருந்தாலும் குவாலிட்டி ஆள் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். மதியம் அதே ஆள் சாம்பார் சாதம் சாப்பிடும் கரண்டியின் விளிம்பு முழுக்கப் பர். உதட்டில் கீறும். “ஸ்ஸ்” என்பார், துடைத்துக்கொள்வார், மோர் வாங்க எழுந்து போவார்.

இப்படி இருக்கையில், கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது ஒரு டேனிஷ் கரண்டி செட் கொண்டுவந்தார். ஆர்னே யாகோப்சன் என்ற கட்டடக் கலைஞர் 1957-ல் வரைந்தது. கோபன்ஹேகனில் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலைக் கட்டிய அவர், நாற்காலி, விளக்கில் தொடங்கிக் கரண்டி வரை தானே வரைந்தார். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் விண்வெளி வீரர்கள் கையில் கொடுத்ததும் இதைத்தான்.

பூ இல்லை, கொடி இல்லை. என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க, பாதி வேலையில நிறுத்திட்டாங்களா?” என்றாள். இடது கைக்காரருக்கு ஒன்று, வலது கைக்காரருக்கு ஒன்று என்று யாகோப்சன் தனித்தனி சூப் கரண்டி வரைந்திருக்கிறார் என மச்சான் பெருமையாக விளக்கினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பீச்சாங்கையால சாப்பிடறதுக்குத் தனியா கரண்டி வேற செஞ்சு விக்கிறாங்களா?” அந்த ஹோட்டல் பக்கமே போவதில்லை என்று மச்சானிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் காபி கொடுத்தார்.

டேனிஷ் கரண்டிகளின் இந்த வம்சம் வெள்ளியில் தொடங்கியது. யோர்ஜ் ஜென்சன் 1904-ல் கோபன்ஹேகனில் பட்டறை போட்டார். அவர் வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும். நம் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்போம், அங்கே அந்த வசதி இல்லை. அவரிடம் தொழில் பழகிய காய் பொயேசன் 1938-ல் ஒரு செட் வரைந்தார். அது 1951-ல் மிலான் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கி, ‘கிராண்ட் பிரி’ என்று பரிசின் பெயரையே வைத்துக்கொண்டது. பொயேசன் முள்கரண்டியின் பற்களைக் குட்டையாக்கினார். கழுவுகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். பிறகு இந்தக் கரண்டிகள் ஸ்டீலுக்கு மாறின.

நல்ல ஸ்டீல் கரண்டி என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம்மூர் நல்ல எவர்சில்வர் பாத்திரத்துக்கும் அதே கலவைதான். ஆக, உலோகத்தில் குறையில்லை. யாகோப்சன் கரண்டியை டூல் ரூமுக்கு எடுத்துப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காம்பு எங்கே முடிந்து குழி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை. விளிம்பைச் சுற்றிலும் உருட்டி மெருகேற்றியிருந்தார்கள். பர் தேடி நகத்தால் வருடினேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் குழி ஆழமில்லை. யாகோப்சன் ரசம் சாதம் சாப்பிட்டவரில்லை என்பது முதல் வாயிலேயே சட்டையில் தெரிந்தது.

விளிம்பைப் பற்றி நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2022-ல் இதே வடக்குப்பட்டில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, முக்கால் மீட்டர் ஆழத்தில் கைக்கோடரி, சுரண்டி எனக் கற்கருவிகள் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுப் பழமை என்கிறார்கள். கருவி செய்யும் பட்டறையே இங்கு இருந்திருக்கிறதாம். சிப்காட்டுக்கு முந்தைய சிப்காட்! எந்தப் பக்கம் வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் வெட்டக் கூடாது என்பதில் அந்த ஆட்களுக்குக் குழப்பம் இருந்திருக்காது. நம் கேண்டீன் கரண்டிக்குத்தான் அந்தக் குழப்பம்.

பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்களே, கரண்டி வாங்கும்போது எடையைப் பார்க்கிறீர்கள், விலையைப் பார்க்கிறீர்கள். விளிம்பையும் ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். விரல் வேண்டாம் என்று சொல்லும் கரண்டியை உதட்டுக்கு அனுப்பாதீர்கள்.