சார்க் தீவின் ஆட்சிமுறை: மாமா அவர்களுக்கு ஒரு விளக்க மடல்



சார்க் என்பது ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு அருகே, சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில், ஐந்நூறு அறுநூறு பேர் வாழும் ஒரு தீவாகும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பையும் தமிழ்ச் செய்தித்தாள்கள் இதே பெயரால்தான் குறிப்பிடுகின்றன என்பதால், மருமகன் ஏதோ சர்வதேச மாநாட்டு வேலையில் சேர்ந்திருப்பதாக ஊரில் பரவியிருக்கும் செய்தியை மாமா அவர்கள் மறுத்துவிடுவது நல்லது. மருமகன் சேர்ந்திருப்பது ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில், அதுவும் வெங்காயம் நறுக்கும் பிரிவில்.

கடிதமும் ஒரு கட்டுரையே, அதில் ‘நான்’ புகுந்தால் நடை கெட்டுவிடும் என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமா அவர்களின் நெடுநாள் கட்டளையாதலால், இம்மடல் அவ்வொழுங்கிலேயே அமைகிறது. ‘அத்தனை சிறிய ஊரில் அரசியல் என்று ஒன்று இருக்கவும் முடியுமா’ என்று சென்ற கடிதத்தில், வார்டு உறுப்பினராக இருந்த அனுபவத்தின் பெருமிதத்தோடு மாமா அவர்கள் கேட்டிருந்தார்கள். அரசியல் இருக்கிறது, அதைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஒன்றரையாக இருக்கிறது, அதைச் செய்வதற்குத்தான் ஆள் இல்லை. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

1565ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி, ஆளரவமற்றுக் கிடந்த இத்தீவை, அண்டைத் தீவான ஜெர்சியைச் சேர்ந்த ஹெலியே த கார்த்தரே என்பவரிடம் ஒரு பட்டயத்தின் வழியே ஒப்படைத்து, துப்பாக்கி ஏந்தக்கூடிய நாற்பது ஆண்கள் அங்கே எப்போதும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதன்படி நிலம் நாற்பது பங்குகளாகப் பிரிக்கப்பட்டுக் குடும்பங்களிடம் அளிக்கப்பட்டது. பட்டயத்துக்கு உரியவர் சேன்யூர் எனப்படுவார். நம் பக்கத்துச் சொல்லால் ஜமீன்தார் என்று கொள்ளலாம். அவர் முடியரசுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் வாடகை இன்றைய கணக்கில் 1 பவுண்டு 79 பென்ஸ் ஆகும். அத்தொகைக்குத் தீவின் கடைத்தெருவில் ஒரு கோப்பைக் காபி கிடைப்பதுகூட ஐயமே. இதற்கு ஈடாக அவர் அனுபவித்துவந்த உரிமைகள் பல: தீவில் புறா வளர்க்கும் உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது, கருத்தடை செய்யப்படாத பெட்டை நாயை வைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு மட்டுமே இருந்தது, நிலம் கைமாறினால் விலையில் பதின்மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போனது. இவை யாவும் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை சட்டமாகவே நீடித்தன என்பதையும், நாய் விஷயத்தில் தீவுவாசிகள் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீவின் அவைக்குச் சீஃப் ப்ளீஸ் என்று பெயர். நாற்பது நிலப்பங்குகளின் உரிமையாளர்களும் நிலத்தின் பெயரால் அதில் அமர்ந்தனர். நிலத்தை விலைக்கு வாங்கியவர் சட்டமன்ற இருக்கையையும் அதே பத்திரத்தில் வாங்கினார் என்பதே இதன் பொருள். நிலமில்லாத மற்றவர்களுக்காக 1922 முதல் பன்னிரண்டு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர். பிரிட்டனின் பிரபுக்கள் அவையில்கூடப் பரம்பரை இருக்கைகளுள் பெரும்பாலானவை 1999இலேயே நீக்கப்பட்டுவிட்ட நிலையில், சார்க் மட்டும் அவற்றைத் தொடர்ந்து காப்பாற்றி வந்தது.

இந்த நிலை 2008இல் மாறியது. மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. மற்றொன்று, சார்க்கை ஒட்டியுள்ள பிரெக்கூ என்னும் குட்டித் தீவை 1993இல் வாங்கி அதில் கோட்டை போன்ற மாளிகை எழுப்பிய டேவிட், ஃப்ரெடரிக் பார்க்லே என்னும் இரட்டைச் சகோதரர்கள். லண்டனில் நாளிதழ் நடத்திய இப்பெருஞ்செல்வர்கள், சொத்து முழுவதும் மூத்த மகனுக்கே போக வேண்டும் என்ற தீவின் மரபுரிமைச் சட்டத்தை எதிர்த்து வழக்காடத் தொடங்கி, படிப்படியாக ஆட்சிமுறையின் மீதும் வழக்குகளைத் தொடுத்தனர். முடிவில், தேர்தலின் வழியே வரும் 28 உறுப்பினர்களைக் கொண்ட அவைக்குச் சட்டம் இயற்றப்பட்டு, 2008 டிசம்பர் 10 அன்று முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது.

அத்தேர்தலில் 28 இடங்களுக்கு 57 பேர் போட்டியிட்டனர். வாக்காளர் எண்ணிக்கை ஐந்நூற்றுக்கும் குறைவு என்பதால், ஏறத்தாழ எட்டு வாக்காளருக்கு ஒருவர் வேட்பாளராக நின்றார் எனலாம். வீட்டுக்கு வீடு வாக்குக் கேட்கப் புறப்பட்டவர், அடுத்த வீட்டிலிருந்து அதே வேலைக்குப் புறப்பட்டவரை வாசலிலேயே சந்தித்திருக்க வேண்டும். சகோதரர்கள் தரப்பு விரும்பிய வேட்பாளர்களுள் பெரும்பாலோர் தோற்றனர். தோல்வி தெரிந்த கையோடு, தீவில் சகோதரர்களுக்குச் சொந்தமாயிருந்த விடுதிகளும் கடைகளும் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையை இழக்கும் நிலை வந்தது. அவை பின்னர் திறக்கப்பட்டன என்றாலும், வாக்குச் சீட்டின் விளைவு இத்தனை விரைவில் சமையலறை வரை எட்டிய ஊர் வேறொன்று இருப்பது அரிது. நம் பக்கத்தில் வாக்குக்குப் பணம் கொடுப்பது தேர்தலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இங்கோ கணக்கு தேர்தலுக்குப் பின்னர் தீர்க்கப்பட்டது.

இத்தனை பாடுபட்டு வந்த மக்களாட்சிக்கு அதன்பின் நேர்ந்ததுதான் மாமா அவர்களுக்கு நம்பக் கடினமாயிருக்கும். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது; குழுக் கூட்டங்களோ ஓய்வதில்லை; திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே முதல் தேர்தலின் உற்சாகம் வடிந்தபின், இடங்களை நிரப்பப் போதிய வேட்பாளர்கள் முன்வராததால் வாக்குப்பதிவே தேவைப்படாமற்போன தேர்தல்களும் உண்டு. 28 இடங்கள் 18ஆகக் குறைக்கப்பட்டன. அப்போதும் நாற்காலிகள் மிஞ்சின. ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற சொல் நம் ஊராட்சிகளில் வழங்கும்போது, கோயில் திருப்பணிக்கு யார் அதிகத் தொகை தருகிறாரோ அவருக்குத் தலைவர் பதவியை ஏலம் விட்டுவிட்டு மற்றவர்களை உட்காரவைத்த கதைகள் நினைவுக்கு வரும். சார்க்கிலோ, உட்காரச் சொன்னவரும் இல்லை, நின்றவரும் இல்லை. பதவியை ஏலம் விட்டால் இங்கே தீவுதான் எதிர்த்தொகை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆள் கிடைக்காமைக்குச் சம்பளமின்மை மட்டும் காரணமாகாது. அவென்யூ எனப்படும் கடைத்தெரு தார் காணாத மண்சாலை. கோடையில் புழுதியும் மழைக்காலத்தில் சேறுமாக இருக்கும் இத்தெருவில்தான் தீவின் உண்மையான அவை கூடுகிறது. சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையில் ரொட்டிப் பையோடு நிற்கும் ஓர் உறுப்பினரை, சாலைக் குழியைப் பற்றிப் பேசவந்த மூதாட்டி நிறுத்துகிறார், குழியிலிருந்து பேச்சு துறைமுகக் கட்டணத்துக்குத் தாவுகிறது, அதற்குள் குதிரைவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தம் பங்குக்குச் சேர்ந்துகொள்கிறார், ரொட்டி ஆறிப்போகிறது. அந்த உறுப்பினர் குழாய் பழுதுபார்ப்பவராகவும் இருக்கலாம் என்பது இதிலுள்ள மற்றொரு சிக்கல். அவருக்கு எதிராக வாக்களித்தவர் வீட்டில் குழாய் உடைந்தால், வேறு ஆளைத் தேடப் படகேற வேண்டும். அதேபோல் அவருடைய பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவரும் அவருக்கு முட்டை விற்பவரும் அவர் அவையில் எப்படிக் கைதூக்கினார் என்பதை அறிந்தவர்களே. கட்சி என்று ஒன்று வலுவாக இல்லாத ஊரில், திட்டுவதற்குக் கட்சியும் இல்லை. ஆளைத்தான் திட்ட வேண்டும், திட்டியபின் அவரிடமே ‘வணக்கம்’ சொல்ல வேண்டும். தீவுவாசிகளின் அரசியல் கருத்துகள் கூர்மையாகவும், அவற்றைச் சொல்லும் குரல் பணிவாகவும் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு.

கருத்துகள் எவற்றைப் பற்றியவை என்றால், முதலிடம் டிராக்டருக்கு. தீவில் கார் கிடையாது, சட்டப்படியே தடை. நடை, சைக்கிள், குதிரைவண்டி ஆகியவற்றோடு, உரிமம் பெற்ற டிராக்டரும் அனுமதிக்கப்படுகிறது. துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்வது டிராக்டர் இழுக்கும் இணைப்புவண்டி. தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் இழுப்பதும் டிராக்டரே. எனவே யாருக்கு டிராக்டர் உரிமம் உண்டு, அவர் அதை உழவுக்குத்தான் ஓட்டுகிறாரா அல்லது மனைவியைக் கடைக்கு அழைத்துச் செல்ல ஓட்டுகிறாரா என்பது, நம் ஊரில் யார் வீட்டுக்கு எந்த அமைச்சர் வந்தார் என்பதற்கு நிகரான பொதுச்செய்தி. வருமான வரி இல்லாத தீவு இது; அதனால் வரியைப் பற்றிச் சேமிக்கப்படும் கோபம் முழுவதும் டிராக்டரின் மீது செலவாகிறது போலும்.

அடுத்த இடம் மின்சாரத்துக்கு. டீசல் எந்திரத்தால் மின்சாரம் உற்பத்தி செய்து வழங்கிவந்தது ஒரு தனியார் நிறுவனம். 2018இல் ஒரு யூனிட் 66 பென்ஸாக இருந்தது, இது பிரிட்டனில் அப்போதிருந்த விலையைப் போலப் பல மடங்கு. தீவு நியமித்த விலைக்கட்டுப்பாட்டு ஆணையர் அதை 52 பென்ஸாகக் குறைக்கச் சொன்னார்; அவ்விலைக்குக் கட்டுப்படியாகாது, நவம்பர் இறுதியில் எந்திரத்தையே நிறுத்திவிடுவோம் என்றது நிறுவனம். பேச்சுவார்த்தையால் விளக்குகள் அணையாமல் தப்பின. விலையைக் குறைக்கவும் வேண்டும், நிறுத்தவும் கூடாது, அரசு வாங்கவும் வேண்டும், அதற்காக வரியை ஏற்றவும் கூடாது என்பதே பொதுமக்களின் ஒருமித்த கருத்து. இந்த ஓரிடத்தில் மட்டும் தீவு நம் மாவட்டத்தினின்று சிறிதும் வேறுபடவில்லை.

நீதிமுறை தனி மடலுக்குரிய பொருள் என்றாலும், ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. க்ளமர் த ஹாரோ என்பது பழைய நார்மன் சட்டத்திலிருந்து எஞ்சியுள்ள ஒரு முறையீடு. தம் நிலத்துக்குத் தீங்கு நேர்வதாகக் கருதும் ஒருவர், சாட்சிகளின் முன்னிலையில் அவ்விடத்திலேயே மண்டியிட்டு, தமக்கு அநீதி இழைக்கப்படுவதாகவும் இளவரசர் வந்து காக்க வேண்டும் என்றும் பிரெஞ்சு மொழியில் உரக்கக் கூவி, கிறிஸ்துவ ஜெபம் ஒன்றையும் சொல்லி முடித்தால், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை எதிரி அவ்வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். 1970இல் ஒரு தோட்டச் சுவர் கட்டும் வேலை இவ்வாறு நிறுத்தப்பட்டது. வரப்புத் தகராறில் ஸ்டே வாங்க வக்கீல் வீட்டுக்கு நடந்து தேய்ந்த மாமா அவர்களின் செருப்பை நினைக்கையில், இம்முறையை நம் பக்கத்துக்கும் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. கூவுவதற்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை.

சிறை ஒன்று உண்டு. 1856இல் கட்டப்பட்டது, இரண்டே அறைகள். ஓரிரு நாளுக்கு மேல் அடைக்க வேண்டியவர்களைக் குர்ன்சித் தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காவலர்களும் தீவுவாசிகளுள் முறைவைத்துப் பொறுப்பேற்று வந்தவர்களே. 1990களின் தொடக்கத்தில், வேலையிழந்த பிரெஞ்சு அணு இயற்பியலாளர் ஒருவர் துப்பாக்கியோடு தனியே வந்திறங்கி, மறுநாள் நண்பகலில் தீவைத் தாம் கைப்பற்றப்போவதாகச் சுவரொட்டி ஒட்டிவிட்டு, நேரம் வரட்டும் என்று ஒரு பெஞ்சில் காத்திருந்தபோது, இத்தகைய தன்னார்வக் காவலர் ஒருவர்தான் அவரைப் பிடித்தார். அறிவித்த நேரத்துக்கு முன் ஆட்சியைக் கைப்பற்றாத அவருடைய ஒழுக்கம் வேறெந்த அரசியல்வாதியிடமும் காணக்கிடைக்காதது.

அடுத்த கோடையில் அத்தையுடன் வந்து பார்க்கலாமா என்று மாமா அவர்கள் கேட்டிருப்பதால் சில குறிப்புகள்: விமான நிலையம் இல்லை, குர்ன்சி வரை விமானத்திலோ கப்பலிலோ வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் படகில் வர வேண்டும். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லாத தீவு என்பதால், 2011இல் உலகின் முதல் ‘இருண்ட வான்’ தீவு என்ற சிறப்பைப் பெற்றது. ஆகவே டார்ச் லைட் அவசியம். அத்தைக்கு நடை ஒத்துக்கொள்ளாவிடில் குதிரைவண்டி கிடைக்கும். இவற்றைவிட முக்கியமான ஒன்று: அவென்யூவில் நிற்கும்போது, வார்டு உறுப்பினராக இருந்த அனுபவத்தைப் பற்றி மாமா அவர்கள் வாய்திறவாதிருத்தல் வேண்டும்; காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைப் பார்த்தால், திரும்பும் படகுக்கு முன்பே வேட்புமனுவை நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்