நான்கெல்லைக்கு உட்பட்ட வயிறு

முந்திரிக்கொட்டை என்று ஒருவரைத் திட்டுவதற்கு முழுப் பாத்தியதை உள்ளவர்கள் ஆண்டிமடத்துக்காரர்கள். சுற்றிலும் செம்மண், செம்மண் முழுக்க முந்திரித் தோப்பு. மற்ற மரங்களில் பழம் வந்து, அதற்குள் கொட்டை அடக்கமாக உட்கார்ந்திருக்கும். இதில் கொட்டை முதலில் வந்துவிடும். பழம் பிறகுதான் நிதானமாக அதன் பின்னால் ஊதிக்கொண்டு வரும். பச்சைக்கொட்டையை அவசரப்பட்டுக் கடித்தால் உதடு வெந்துபோகும் என்று எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும், போன வருடம் என் மகனுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பிரித்தேன்.

என் தொழில் பத்திரம் எழுதுவது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட் என்று நாளெல்லாம் அடுத்தவர் சொத்தை எழுதுகிறேன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதில் வில்லங்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற புத்தி எனக்கு. இந்தப் புத்தி பத்திர ஆபீஸ் வாசலில் சோறு போடும். மற்ற இடங்களில் மானத்தை வாங்கும்.

பையனுக்கு ஆறு வயது. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று நான்கு நாளாகச் சுருண்டு படுத்தான். அம்மா பார்த்துவிட்டு "கொடலேத்தம்" என்று தீர்ப்புச் சொல்லி, விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டாள். மனைவி, பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டைக் குற்றவாளி ஆக்கினாள். எனக்கென்னவோ பள்ளிக்கூடத்தின் மேலேயே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமையும் வலித்ததால் என் கட்சி தோற்றது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலது பக்கம் கீழே அமுக்கியபோது பயல் முகத்தைச் சுளித்தான். "கொடல்வாலா இருக்குமோன்னு ஒரு ஸ்கேன் பாத்துடுவோம் சார்" என்றார்.

எங்கள் தெருவில் ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஸ்கேன் எடுக்க ஜெயங்கொண்டம் போகிறோம் என்ற செய்தி தெருமுனையைத் தொடுவதற்குள் எதிர்வீட்டு அத்தை வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மாசம்டி?" என்றார். பையனுக்கும் அதே நினைப்பு. அவனுடைய சித்தி ஸ்கேன் எடுத்தாள், பாப்பா வந்தது. இவன் ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, தம்பி பாப்பாதான் வேண்டும் என்று சொன்னான்.

ஸ்கேன் சென்டரில் இரண்டு நிபந்தனைகள். வயிறு காலியாக இருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கே முரண்பட்ட ஷரத்துகள். சாப்பிட்டால் குடலில் சேர்கிற வாயு படத்தை மறைக்குமாம், மூத்திரப்பையில் இருக்கிற தண்ணீரோ ஜன்னல் மாதிரி பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுக்குமாம். நியாயம்தான். ஆனால் எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு கர்ப்பிணிகள். பயல் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிசுவின் பாலினத்தைக் கண்டறிவது சட்டப்படி குற்றம் என்ற போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். ஆறாவது கர்ப்பிணி உள்ளே போனபோது உட்கார்ந்தான். ஒன்பதாவது ஆள் போனபோது மறுபடி எழுந்து, பேசுவதை நிறுத்திவிட்டான்.

உள்ளே போனதும் சில்லென்று ஜெல்லைத் தடவினார்கள். கூச்சத்தில் அவன் சிரிக்க, வயிறு குலுங்க, திரையில் கல்லீரலும் சேர்ந்து குலுங்கியது. "தம்பி, சிரிக்கக் கூடாது, மூச்சைப் புடி" என்றார் டாக்டரம்மா. மூச்சைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்துக் கருவி அடிவயிற்றில் அமுங்கியது. மூச்சைப் பிடித்தவன் மற்றதை விட்டுவிட்டான். "பரவால்ல சார், தினம் ரெண்டு பேராவது இப்படித்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே டிஷ்யூ எடுத்தார். பையன் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. "பாப்பா நனைஞ்சிருக்குமா ஆன்ட்டி?"

இந்தக் கருவியின் பூர்வீகம் எனக்குப் பிடித்த கதை. உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பி எதிரொலியில் கண்டுபிடிக்கும் எந்திரம் தொழிற்சாலைகளில் இருந்தது. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுவையில் எடுத்த கட்டிகளை இரண்டு காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பாய்லர் கம்பெனிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்துக்கொண்டார்களாம். 1958இல் அவரும் சகாக்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வயிற்றுக்குள் பார்க்கிற இந்த வழக்கம் பெருகியது. ஆகப் பாய்லரில் ஓட்டை தேடியதன் வாரிசுதான் என் பிள்ளையின் மேல் ஊர்ந்தது. அவன் இடத்தில் பாய்லர் இருந்திருந்தால் நனைத்திருக்காது.

கவரைக் கொடுக்கும்போது மணி பதினொன்று. எங்கள் டாக்டர் உட்காருவது மாலை ஐந்துக்கு. ஆறு மணி நேரம் ஒரு பத்திரம் எழுதுகிறவன் கையில் ஒட்டாத கவரைக் கொடுத்தால் என்ன ஆகும்? பஸ் ஜெயங்கொண்டத்தைத் தாண்டுவதற்குள் பிரித்துவிட்டேன். பையன் என் துண்டை வேட்டியாகக் கட்டிக்கொண்டு மடியில் தூங்கினான்.

படிக்கப் படிக்கச் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. சொத்து விவரம்: கல்லீரல், அளவு சாதாரணம். மண்ணீரல், சாதாரணம். வலது சிறுநீரகம் இத்தனை செ.மீ., இடது இத்தனை செ.மீ. ஒவ்வொன்றின் முடிவிலும் 'நோ ஃபோக்கல் லீஷன்'. அதாவது வில்லங்கம் ஏதுமில்லை, 16ஆம் நம்பர் படிவம். வடக்கே நெஞ்சுக்கூடு, தெற்கே மூத்திரப்பை என்று செக்குபந்தி போடாததுதான் குறை. கணையத்துக்கு 'அன்ரிமார்க்கபிள்' என்று எழுதியிருந்தார்கள். என் பிள்ளையின் கணையத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லையா என்று லேசாக மனத்தாங்கல் வந்தது.

அடுத்த வரி: 'அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு'. குடல்வாலைக் காணவில்லை. மூதாதையர் வழியில் பாத்தியப்பட்ட ஒரு அயிட்டம் சொத்து விவரத்தில் இல்லை! அதற்கும் கீழே, 'ரைட் இலியாக் ஃபோஸா'வில் சில 'மெசென்டெரிக் லிம்ப் நோட்ஸ்', பெரியது 9 x 5 மி.மீ. கடைசியில் தடித்த எழுத்தில், 'கிளினிக்கலி கோரிலேட்' செய்யவும். போனை எடுத்தேன். லிம்ப் என்று தட்டியதும், அது பாக்கியை நிரப்பிக்கொடுத்தது. நிரப்பியது எந்தத் தகப்பனும் பஸ்ஸில் படிக்கக் கூடாத வார்த்தை. அதற்குப் பிறகு ஆண்டிமடம் வந்ததும் இறங்கியதும் எனக்கு நினைவில்லை. கண்டக்டர் எழுப்பிவிட்டதாகப் பையன் சொன்னான். தூங்கியவன் அவன்.

மதியம் முழுக்க ஃபோஸா என்ற சொல் தலைக்குள் சுற்றியது. ஃபோஸா என்றால் பள்ளம். ஃபாசிலும் அதே லத்தீன் வேர்தான், தோண்டுவது. ஃபாசில் என்றால் எங்கள் அரியலூர் மாவட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கல்லமேட்டில் தோண்டியெடுத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் ஒரு டைனோசருக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றார்கள். அப்புறம், இல்லை, இலைதழை தின்னும் வகை என்றார்கள். அது எலும்பே இல்லை, கல்லாய்ப் போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகத்தையும் குறை சொல்ல முடியாது. எலும்பைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அது பொடிந்தே போய்விட்டது. மிச்சம் இருப்பது ரிப்போர்ட் மட்டும். நோயாளி இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படித்தவர்களே இந்தப் பாடுபட்டால், நான் எம்மாத்திரம்?

டோக்கன் இருபத்து மூன்று. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்த நேரத்தில் ஒரு தும்மல்கூட முடிந்திருக்காது.

"நெறி கட்டியிருக்கு சார். கால்ல முள்ளு குத்திப் புண்ணானா அரையில நெறி கட்டுதுல்ல? இது வயித்துக்குள்ள. முன்னாடி சளி, காய்ச்சல் இருந்துச்சா?"

இருந்தது. இரண்டு வாரம் முன்பு தொண்டை கட்டி மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"கொடல்வாலக் காணலன்னு போட்டிருக்குங்களே?"

"நல்லா இருக்கற கொடல்வாலு ஸ்கேன்ல பல நேரம் மாட்டாது சார். வீங்கினாத்தான் எடுப்பாத் தெரியும். காணலன்னா வயித்துல இல்லன்னு அர்த்தமில்ல." பிறகு பையனைப் பார்த்து, "தம்பி, இறங்கிக் குதி பாப்போம்" என்றார். பயல் பெஞ்சிலிருந்து இறங்கிக் குதித்தான். இன்னொரு முறை குதித்தான். நிறுத்தச் சொன்ன பிறகும் நான்கு முறை குதித்தான். குடல்வால் வீங்கியவன் இப்படிக் குதிக்க மாட்டானாம். மறுபடி அடிவயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

அதுதான் கிளினிக்கலி கோரிலேட். இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் படித்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள் என்று வருகிற கட்சிக்காரரிடமெல்லாம் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடம் என் மடியிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கியது, நான் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வலிக்கு மருந்து எழுதினார். தானாகவே சில வாரத்தில் வடிந்துவிடும், ஆனால் வலி ஓயாமல் வலது பக்கமே இறங்கி நின்றாலோ, வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டில் அம்மா, "நெறிதான? நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள். அவள் சொன்னது குடலேத்தம். மறுக்கிற தெம்பு எனக்கு இல்லை. பையன் எதிர்வீட்டுக்கே போய், "எனக்குப் பாப்பா இல்லையாம் அத்தை, நெறிதானாம்" என்று அறிவித்துவிட்டு வந்தான். மூன்றாவது வாரம் வலி நின்றது. ரிப்போர்ட் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

சின்னப் பிள்ளையை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போகிறவர்கள் மறக்காமல் ஒரு மாற்று டிரவுசர் எடுத்துக்கொண்டு போங்கள்.