அறுந்த வாலுக்கு வழிவிடுங்கள்!
ஜவ்வாது மலைப் பெற்றோருக்கான கேள்வி – பதில்

துருதுரு பிள்ளை இருக்கும் வீட்டில் கேள்விக்குப் பஞ்சமில்லை. பிள்ளை கேட்பது பாதி, பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்கள் கேட்பது மீதி. இந்த முறை இரண்டு தரப்புக்கும் பதில் உண்டு.

இளம் தாய், ஜமுனாமரத்தூர்: என் மகனுக்கு நாலு வயது. ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான். இது ஏதாவது நோயா?

நாலு வயதுப் பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து ஆட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் மகன் அதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போகின்றன, வீட்டிலும் அங்கன்வாடியிலும் பிடித்த விளையாட்டில்கூட மனம் நிற்கவில்லை, இது மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை அரசு மருத்துவக் குழு வரும். அவர்களிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அவர்களே எழுதித் தருவார்கள்.

தாத்தா, கோவிலூர்: "அடியாத மாடு படியாது" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மாடு வைத்திருப்பவருக்கே தெரியும், அடிக்கிறவரைப் பார்த்தால் அது மிரளும், தீனி வைக்கிறவர் குரல் கேட்டால் தானே வரும். பிள்ளையும் அப்படித்தான். அடி வாங்கிய பிள்ளை தப்பை விடுவதில்லை, தப்பை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்துவிட்டது. வாத்தியாருக்கே இல்லாத பிரம்பு தாத்தாவுக்கு எதற்கு?

தந்தை, புங்கம்பட்டு நாடு: அப்படியென்றால் கண்டிக்கவே கூடாதா? தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவானே!

தாராளமாகக் கண்டியுங்கள். வீட்டுக்கு மூன்று நாலு விதி போதும்: அடுப்பருகே ஓடக்கூடாது, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக்கூடாது, யாரையும் அடிக்கக்கூடாது. இந்த விதிகள் காலையிலும் மாலையிலும் ஒன்றாக இருக்கட்டும், அப்பாவிடமும் ஆயாவிடமும் ஒன்றாக இருக்கட்டும். நாளுக்கு நாற்பது தடவை "கூடாது" என்றால் பிள்ளை காதில் எதுவும் ஏறாது. நாலு தடவை சொன்னால் நாலும் ஏறும்.

ஆயா, நம்மியம்பட்டு: பேரன் பிறந்து பத்து நாள். நம்ம மலைத்தேனை நாக்கில் தொட்டு வைக்க மருமகள் விடமாட்டேன் என்கிறாள்.

மருமகள் பக்கம்தான் நியாயம், ஆயா. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். நம் வயிறு அதைத் தாங்கிவிடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு கக்கும், கை கால் துவண்டு மூச்சுவரை பாதிக்கும். காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் பாட்டிலை முதல் பிறந்தநாள் வரை பத்திரமாக வையுங்கள். அன்று முதல் சொட்டு உங்கள் கையால்தான்.

தாய், வீரப்பனூர்: பலாப்பழம் அறுத்தால் போதும், ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் சுளைக்குச் சண்டை. வீடே ரெண்டாகிறது.

பழத்தைக் கொடுக்குமுன் வேலையைக் கொடுங்கள். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் எண்ணெய் தடவிவிடுங்கள், பால் ஒட்டாது. பிளந்த துண்டைத் தட்டில் வைத்தால், மகள் சடையைப் பிரித்துச் சுளையை எடுக்கட்டும். மகன் சுளையைக் கீறிக் கொட்டையைப் பிதுக்கி, மேல்தோலை உரித்து, ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடட்டும். அரை மணி நேரம் இரண்டு வாலும் ஒரே இடத்தில் இருக்கும்.

பங்கு போட உலகமறிந்த முறை ஒன்று உண்டு: ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிக்கிறவர் கை தானாகவே நீதிபதி கை ஆகிவிடும். கொட்டையைச் சுட்டுத் தின்னும்போது சண்டை யாருக்கும் நினைவில் இருக்காது.

தந்தை, காவலூர்: ஐந்து வயது மகள் ஓயாமல் கேள்வி கேட்கிறாள். நேற்று, "நட்சத்திரம் ஏன் கீழே விழலை?" பதில் தெரியாமல் அதட்டிவிட்டேன்.

உலகமே வந்து வானத்தைக் கேள்வி கேட்கும் ஊரில் இருந்துகொண்டு அதட்டலாமா? உங்கள் ஊர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அந்த நிகழ்வைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. கணித மேதை ராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோளை 1988-இல் கண்டுபிடித்ததும் இங்கேதான். எல்லாம் யாரோ விடாமல் கேள்வி கேட்டதால் நடந்தவை.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "பூமிக்குப் பக்கத்தில் இருக்கிற பொருளைத்தான் பூமி இழுத்துக் கீழே போடும். நட்சத்திரம் ரொம்ப ரொம்பத் தூரம். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை." அடுத்த கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலை, சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்பது முழு மதிப்பெண் பெறும் பதில். இரவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு அவளோடு பத்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

தாய், புதூர்நாடு: செல்போனில் வீடியோ போட்டால்தான் இரண்டு வயது மகள் வாய் திறக்கிறாள்.

மலையில் சிக்னல் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறோமே, சாப்பாட்டு வேளையில் மட்டும் அதை வரமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். திரையைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டு. குழைந்த சாமைச் சோற்றைப் பிசைந்து வையுங்கள், அவள் கையால் எடுக்கட்டும். பாதி வாய்க்கும் பாதி பாவாடைக்கும் போகும், போகட்டும். முதல் சில நாள் அழுவாள். நீங்கள் தளராமல் இருந்தால் பசி உங்கள் பக்கம் சேர்ந்துகொள்ளும். ஒரே நிபந்தனை: அந்த நேரத்தில் உங்கள் கையிலும் போன் இருக்கக் கூடாது.

தாய், தென்மலை: கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். ஆறு வயது மகன் எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கிறான், பொருளைத் தூக்கி எறிகிறான். "அப்பா நாளைக்கு வருவார்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

தங்கையே, அந்த அடத்துக்குள் இருப்பது ஏக்கம். அப்பா எங்கே என்று கேட்கத் தெரியாத பிள்ளை தட்டைத் தூக்கி எறிகிறது. "நாளைக்கு" என்பதை இன்றே நிறுத்துங்கள். நாளை வந்து அப்பா வராதபோது, அவன் அப்பாவையும் இழக்கிறான், உங்கள் வார்த்தையையும் இழக்கிறான். உண்மையைச் சொல்லுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, எந்த மாதம் திரும்புவார். சுவரில் மாதக் காலண்டரைத் தொங்கவிட்டு, நாளுக்கு ஒரு கட்டத்தை அவனே அடிக்கட்டும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் அப்பா பேசட்டும். "ஒழுங்காப் படிக்கிறியா?" என்ற விசாரணை வேண்டாம், "கோழி எத்தனை குஞ்சு பொரிச்சது?" என்று கேட்கட்டும்.

இந்த மலையில் அப்பாக்கள் வீட்டில் இல்லாதது பிழைப்பால் வந்த துயரம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அப்பாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அக்கம்பக்கமும் பொறுப்பு. மாமாவோ சித்தப்பாவோ வாரத்தில் ஒருநாள் அவனை நிலத்துக்குக் கூட்டிப் போனால், அவன் எறியும் பொருள்கள் குறையும்.

தந்தை, கானமலை: காலையில் பிள்ளையை எழுப்பிச் சாப்பிட வைத்துப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் ஒரு போர் முடிகிறது.

அந்தப் போரை முந்தின இரவே வென்றுவிடலாம். ஐந்து வயதைத் தொடும் பிள்ளைக்குக்கூடப் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறரைக்கு எழுப்ப வேண்டுமானால் எட்டரைக்குப் பாய் விரித்துவிடுங்கள். சாப்பாட்டுச் சண்டையையும் விட்டுவிடலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் மலைப்பகுதிப் பள்ளிகள் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. அரசுத் தொடக்கப் பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் கூட்டாளிகளோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

தாய், மேல்சிலம்படி: மகளை உண்டு உறைவிடப் பள்ளியில் விடப்போகிறோம். அவள் தூங்கும்போது சத்தமில்லாமல் வந்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். கண் விழிக்கும்போது அம்மா இல்லையென்றால் அடுத்த பல இரவு அவள் தூங்கப் பயப்படுவாள். சொல்லிவிட்டு, அழுதால் அணைத்துவிட்டு, வரும் தேதியைச் சொல்லிக் கிளம்புங்கள். அந்தத் தேதியில் மழை கொட்டினாலும் போய் நில்லுங்கள். குளிப்பது, தலை வாருவது, துணி மடிப்பது மூன்றையும் இப்போதே பழக்குங்கள். வீட்டுப் போர்வை ஒன்று கூடப் போகட்டும், அதில் உங்கள் வாசம் இருக்கும்.

நல்ல ஆசிரியர் கிடைத்தால் விடுதியும் வீடாகும். இதே மலையில் அரசவெளிப் பள்ளி ஆசிரியை மகாலட்சுமி, பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே முடி வெட்டிவிட்டதற்காகப் பலராலும் அறியப்பட்டவர். அப்படிப்பட்டவர்களிடம் பிள்ளையின் குணத்தையும் பயத்தையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாட்டி, ஆலங்காயம்: பேத்தி புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஊக்கால் எடுக்கலாமா?

ஊக்கு, தீக்குச்சி, விரல் எதுவும் வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். தண்ணீரும் விடாதீர்கள், கொட்டை ஊறிப் பருக்கும். வாயால் மூச்சு விடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கடிகார பேட்டரி மாதிரி பொருளாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாலு வயது ஆகும்வரை முழு நிலக்கடலையும் தரவேண்டாம்.

மாமியார், நெல்லிவாசல்: பிள்ளைகள் எப்போதும் மண்ணிலேயே புரளுகிறார்கள். அழுக்கு, அழுக்கு!

சோப்பு இருக்கும்வரை அழுக்குக்குப் பயமில்லை. காலில் செருப்பு, சாப்பிடுமுன் கைகழுவல், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு மாத்திரை மூன்றும் இருந்தால் மண் நல்ல தோழன். மலையடிவாரத்தில் சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி என்றே ஒன்று இருக்கிறது. மண்ணும் மரமும் கைவேலையும் அங்கே பாடம். ஊரார் தேடிப்போய்ப் பார்ப்பது உங்கள் வாசலில் சும்மா கிடைக்கிறது.

தாய், போளூர்: மகள் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாளாம். "உங்க பொண்ணை வைத்து மேய்க்க முடியாது" என்கிறார்கள். கூசிப்போகிறேன்.

கூச வேண்டாம். ஜப்பானில் ஒரு சிறுமி ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்ததற்காக ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்பட்டாள். அடுத்துச் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, முதல் நாள் நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டார். அந்தச் சிறுமி டெட்சுகோ குரோயநாகி. 1981-இல் அவர் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. 1984-இல் யூனிசெஃபின் நல்லெண்ணத் தூதராகவும் ஆனார். நான்கு மணி நேரம் உங்களால் முடியாது. தினமும் கால் மணி நேரம், வேறு வேலை பார்க்காமல் கேளுங்கள். வீட்டில் பேசித் தீர்த்த பிள்ளைக்கு வகுப்பில் பேச்சு குறையும்.

கல்லூரி மாணவி, அத்திப்பட்டு: குழந்தை பிறந்துவிட்டது. இனி என் படிப்பு அவ்வளவுதானா?

உங்கள் மலையிலேயே பதில் இருக்கிறது. புலியூரைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி, 2023-இல் குழந்தை பெற்ற இரண்டாம் நாளே சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் தேர்ச்சி செய்தி வந்தபோது அவருக்கு வயது 23. கணவரும் தாயாரும் துணை நின்றார்கள். அதனால், இந்தப் பதிலை முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். எல்லாரும் பிரசவமான இரண்டாம் நாள் தேர்வெழுத வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு கை இருந்தால் போதும்.

இரண்டாம் வகுப்புச் சிறுவன், ஜமுனாமரத்தூர்: அம்மா எப்பப் பார்த்தாலும் "ஓடாதே, ஏறாதே, தொடாதே" என்கிறாங்க. அப்ப நான் எங்கதான் ஓடறது?

இத்தனை கேள்விகளில் உன்னுடையதுதான் நேரான கேள்வி, தம்பி. உன் அம்மாவுக்குச் சொல்கிறேன், நீயும் பக்கத்தில் இருந்து கேள்.

அம்மா, "இங்கே ஓடாதே" என்றால் "அங்கே ஓடு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரோட்டில் வேண்டாம், களத்தில் ஓடு. ஏணியில் வேண்டாம், தாழ்ந்த கொய்யா மரத்தில் ஏறு, நான் நிற்கிறேன். அடுப்பைத் தொடாதே, இந்தா முறம், சாமையில் கல் பொறுக்கு. பிள்ளையின் வேகத்தை நிறுத்த எந்த அம்மாவாலும் முடியாது. அது போகும் திசையைக் காட்ட எல்லா அம்மாவாலும் முடியும். இன்று மாலையே அவனைக் கூட்டிப்போய், எங்கே ஓடலாம், எதில் ஏறலாம், எதைத் தொடலாம் என்று மூன்று இடத்தைக் கைகாட்டுங்கள்.

தம்பி, அந்த மூன்று இடத்தைத் தாண்ட மாட்டேன் என்று நீயும் அம்மாவுக்குக் கையடித்துக் கொடு.